பதினெட்டாவது புத்தகம்

"ஏம்மா, நேத்து ராத்திரி பத்தரை வரைக்கும் உட்கார்ந்து ஒவ்வொண்ணாப் பார்த்துக் கூடையில போட்டேன். எல்லாம் போயிடுச்சு. மறுபடியும் பாஸ்வேர்டு கேக்குது. இது மூணாவது தடவைம்மா."

நங்கநல்லூரிலிருந்து பேசினார். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். தான் வேலை பார்த்த பள்ளிக்கூடத்து நூலகத்துக்கு 40 புத்தகங்கள் வாங்கித் தர நினைத்திருந்தார். முட்டி வலி, நந்தனத்துக்குப் போய்ப் புத்தகக் காட்சிக் கூட்டத்தில் நிற்க முடியாது. அதனால்தான் பேரனின் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து இணையத்தில் வாங்கிக்கொண்டிருந்தார்.

பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு முந்தைய ஜனவரி அது. ராயப்பேட்டையில் ஒரு மாடியில் எங்கள் அலுவலகம். தமிழ்ப் புத்தகம் விற்கும் ஓர் இணையக் கடையின் தளத்தைக் கட்டிப் பராமரிப்பது எங்கள் வேலை. புத்தகக் காட்சியில் கொடுக்கிற அதே 10 சதவீதத் தள்ளுபடியைக் கடைக்காரர் இணையத்திலும் அறிவித்திருந்தார். கூட்டம் வந்தது. கூடவே புகாரும் வந்தது.

"எத்தனாவது புத்தகம் போடும்போது சார் போச்சு?" என்று கேட்டேன். பதில் கிடைக்கும் என்று எதிர்பார்த்துக் கேட்ட கேள்வி அல்ல. அவர் தாளைப் புரட்டுகிற சத்தம் கேட்டது.

"பதினேழு வரைக்கும் குறிச்சு வச்சிருக்கேன். பதினெட்டாவது போட்டேன், போயிடுச்சு. முந்தின நாள் பதினாறு இருந்துச்சு, பதினேழாவதுல போச்சு. முதல் நாள் குறிக்கலைம்மா."

இத்தனை வருடத்தில் எனக்கு வந்த புகார்களில் இவ்வளவு தெளிவாக வேறொன்று வந்ததில்லை. அப்படியிருந்தும் காரணத்தைக் கண்டுபிடிக்க எங்களுக்கு ஒன்றரை நாள் ஆனது.

என் கம்ப்யூட்டரில் 25 புத்தகங்களைக் கூடையில் போட்டுப் பார்த்தேன். ஒன்றும் ஆகவில்லை. 50 போட்டேன். அப்போதும் ஆகவில்லை. சர்வரில் பாரம் அதிகமோ, குக்கியின் (ஆளை அடையாளம் காண அவர் கம்ப்யூட்டரில் வைக்கும் சீட்டு) காலக்கெடு தப்பாகப் போட்டிருக்கிறோமோ, இரண்டு சர்வர்களின் கடிகாரங்களும் ஒத்துப்போகவில்லையோ என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக் கழித்தோம். தளம் பிஎச்பி என்ற நிரல்மொழியில் எழுதியது. இரண்டு வெப் சர்வர்கள் இருந்ததால், எந்த சர்வருக்குப் போனாலும் ஆளை அடையாளம் தெரிய வேண்டுமென்று செஷன்களை, அதாவது ஒவ்வோர் ஆளைப் பற்றியும் சர்வர் வைத்திருக்கும் தற்காலிகக் குறிப்புகளை, மைஎஸ்க்யூஎல் என்ற டேட்டாபேஸில் டேபிள் ஒன்றில் வைத்திருந்தோம். அந்த டேபிளில் செஷன் விவரம் போகிற பத்தியின் (காலம்) வகை டெக்ஸ்ட். அதற்கு உச்சவரம்பு 65,535.

டேட்டாபேஸ் பார்த்துக்கொண்ட அண்ணன் அனுபவசாலி. அந்த வரம்பு அவருக்கு உடனே நினைவுக்கு வந்தது. டேபிளில் இருப்பதிலேயே பெரிய செஷனின் நீளம் என்ன என்று கேரக்டர் லெங்த் போட்டுப் பார்த்தார். 26,000 சொச்சம் வந்தது. "பாதிக்கு மேல இடம் கிடக்கும்மா, இது இல்லை, வேற எங்கயாவது பாரு" என்றார். நானும் சரி என்று வேறு பக்கம் போய்விட்டேன்.

மறுநாள் சாயங்காலம், வேறு வழி தெரியாமல், டேபிளிலிருந்து ஒரே ஒரு செஷனை எடுத்து அப்படியே திரையில் விரித்து முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தேன். பிஎச்பி ஒரு சொல்லைச் செஷனில் எழுதும்போது அதன் நீளத்தை முன்னால் எழுதிவிட்டுத்தான் சொல்லை எழுதும். பதிப்பகத்தின் ஊர் என்ற இடத்தில் 'சென்னை' என்று இருந்தது. அதற்கு முன்னால் 18 என்று இருந்தது.

சென்னை மூன்றெழுத்து. செ, ன், னை. பள்ளிக்கூடத்தில் அப்படித்தான் எண்ணுவோம். கம்ப்யூட்டர் அதை ஆறாகப் பிரித்து வைத்திருக்கிறது: ச, ஒற்றைக்கொம்பு, ன, புள்ளி, ன, ஐகாரக் குறி. எழுத்துகளைக் கம்ப்யூட்டரில் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறிக்கும் 3 பைட் இடம். ஆறு மூன்று பதினெட்டு. இதையே ஆங்கிலத்தில் எழுதினால் 7 பைட்டில் முடிந்துவிடும்.

மைஎஸ்க்யூஎல்லில் கேரக்டர் லெங்த் என்று கேட்டால் குறிகளை எண்ணிச் சொல்லும். வெறும் லெங்த் என்று கேட்டால் பைட்டை எண்ணிச் சொல்லும். டெக்ஸ்ட் பத்தியின் வரம்பு 65,535 என்பது பைட் கணக்கு. ஆங்கிலத் தளத்தில் இரண்டு விடையும் ஒன்றாகவே வருவதால் வித்தியாசமே தெரியாது. அண்ணனைக் கூப்பிட்டு, இந்தத் தடவை லெங்த் என்று கேட்டோம். பெரியது முதல் சிறியது வரை வரிசையாக வந்தது. மேலே இருந்த நான்கு செஷன்களும் 65,533, 65,534, 65,535 என்று அந்த மூன்று எண்களுக்குள்ளேயே நின்றன. தமிழ்க் குறி ஒன்றின் நடுவில் வெட்டக் கூடாது என்று பார்த்து, அதற்குள் எவ்வளவு கொள்ளுமோ அவ்வளவை மட்டும் எழுதிவிட்டு மிச்சத்தை டேட்டாபேஸ் விட்டுவிட்டிருந்தது. நான்கு பேர். எங்கேயோ உட்கார்ந்து புத்தகம் தேடிக்கொண்டிருக்கிற நான்கு பேர். அடுத்த பக்கத்தைத் தட்டியதும் நால்வரின் கூடையும் காணாமல் போகப் போகிறது.

வால் அறுந்த செஷனை பிஎச்பி படிக்க முயலும். 'இங்கே 3,500 பைட் இருக்கிறது' என்று முன்னால் எழுதியிருக்கும். எண்ணிப் பார்த்தால் 900-தான் இருக்கும். இது கெட்டுப்போன செஷன் என்று முடிவு செய்து மொத்தத்தையும் அழித்துவிட்டுப் புதிதாக ஒன்றைத் தொடங்கும். அதில் ஆள் யார் என்பதும் இருக்காது, கூடையும் இருக்காது. அதனால்தான் பாஸ்வேர்டு கேட்டது. எங்கள் மைஎஸ்க்யூஎல் பழைய பதிப்பு. நீளம் மிஞ்சினால் வெட்டி எழுதிவிட்டு ஓர் எச்சரிக்கையோடு நிறுத்திக்கொள்ளும். அந்த எச்சரிக்கையை எங்கள் நிரல் படிக்கவே இல்லை. 2015-இல் வந்த 5.7 பதிப்பிலிருந்து கண்டிப்பு முறை இயல்பாகவே போடப்பட்டிருக்கும், பிழை என்று சொல்லி எழுத மறுத்துவிடும். அது எவ்வளவோ மேல்.

என் சோதனையில் ஏன் 50 போட்டும் ஒன்றும் ஆகவில்லை? என் கம்ப்யூட்டரில் இருந்தவை 'டெஸ்ட் புத்தகம் 1', 'டெஸ்ட் புத்தகம் 2'. ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி விளக்கம். கடையில் இருந்தவை நிஜப் புத்தகங்கள். 150 சொற்களுக்குக் குறையாத பின்னட்டைக் குறிப்பு ஒவ்வொன்றுக்கும் உண்டு. அந்தக் குறிப்பு உட்பட முழு விவரத்தையும் கூடையோடு சேர்த்துச் செஷனில் போட்டிருந்தோம். ஒரு புத்தகத்துக்கு மூன்றரை கிலோபைட். பதினெட்டுப் புத்தகத்துக்கு 63. அதோடு தலைமையாசிரியர் கடைசியாகப் பார்த்த சில புத்தகங்களின் தலைப்புகளும் சேர்ந்தன. அவர் சொன்ன எண் அவ்வளவு துல்லியமானது.

*

கோயிலுக்குப் போகிறவர்களுக்கு செஷன் என்றால் என்ன என்று விளக்க வேண்டியதே இல்லை. மயிலாப்பூரில் கபாலீசுவரர் கோயில் வாசலில் செருப்பை விட்டுவிட்டு டோக்கன் வாங்குகிறோம். ஸ்டாண்டில் இருப்பவருக்கு நம் முகம் நினைவிருக்க வேண்டியதில்லை. திரும்பி வந்து டோக்கனை நீட்டினால் எந்தத் தட்டு, எந்த அறை என்று பார்த்து எடுத்துத் தந்துவிடுவார். இணையமும் அப்படித்தான். ஒரு பக்கத்தைக் கேட்டு வாங்கியதும் சர்வர் நம்மை மறந்துவிடும். அடுத்த பக்கம் கேட்கும்போது நாம் புது ஆள். அந்த மறதியைச் சமாளிக்கத்தான் டோக்கன். டோக்கன் நம் கையில் இருக்கும் குக்கி. தட்டு சர்வரில் இருக்கும் செஷன்.

குக்கி பிறந்ததே ஒரு கூடைக்காகத்தான். 1994-இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் லூ மாண்டுல்லி அதை உருவாக்கினார். இணையத்தில் கடை கட்ட வந்த வாடிக்கையாளருக்கு, பாதியில் நிற்கிற வியாபாரத்தையெல்லாம் தங்கள் சர்வர் சுமக்க வேண்டாம் என்ற எண்ணம். அதைப் பயனரின் கம்ப்யூட்டரிலேயே வைக்க வழி கேட்டார்கள். நாங்கள் ராயப்பேட்டையில் முட்டிக்கொண்ட சிக்கலும் அன்றைக்கு அவர்கள் தவிர்க்க நினைத்ததும் ஒன்றேதான்.

செருப்பு ஸ்டாண்டில் யாராவது பெரிய பெட்டியைக் கொண்டுவந்து வைத்தால் என்ன ஆகும்? ஒருவர் வைத்தால் ஓரமாகத் தள்ளிக்கொள்ளலாம். அறுபத்துமூவர் திருவிழா அன்று வருகிற எல்லோரும் ஆளுக்கொரு பெட்டி வைத்தால்? இன்னொன்றும் இருக்கிறது, அதுதான் முக்கியம். செருப்பு ஸ்டாண்டில் போகிறவர்கள் செருப்பை எடுத்துக்கொண்டு போவார்கள். இணையத்தில் யாரும் சொல்லிக்கொண்டு போவதில்லை. தாவலை மூடிவிட்டு எழுந்து போய்விடுவார்கள். அவர்கள் போனது சர்வருக்குத் தெரியாது. 30 நிமிடமோ ஒரு மணி நேரமோ காத்திருந்து, 'இனி வரமாட்டார்' என்று தானாக முடிவுக்கு வந்த பிறகுதான் தட்டைக் காலி செய்யும். அதுவரை போனவரின் பெட்டி அங்கேயே இருக்கும்.

ஆகவே செஷனில் ஒரு பொருளை வைக்கும்போது, இப்போது எதிரில் இருப்பவர் ஒருவருக்காக மட்டும் வைப்பதாக நினைத்துவிடக் கூடாது. வந்த எல்லோருக்கும், வந்துவிட்டுப் போன எல்லோருக்கும் சேர்த்து வைக்கிறோம். கணக்குப் போட்டுப் பாருங்கள். நிமிடத்துக்கு 100 பேர் புதிதாக வருகிறார்கள், காலக்கெடு 30 நிமிடம் என்றால் எந்த நேரத்திலும் குறைந்தது 3,000 செஷன்கள் உயிரோடு இருக்கும். ஆளுக்கு 300 கிலோபைட் என்றால் 900 மெகாபைட். 'அடிக்கடி லாகின் கேட்கிறது' என்று யாரோ குறைப்பட்டு, காலக்கெடுவை 4 மணி நேரமாக நீட்டுகிறீர்கள். இப்போது 24,000 செஷன்கள், 7.2 ஜிகாபைட். ஒரு வரியும் புதிதாக எழுதவில்லை, ஓர் ஆளும் கூடுதலாக வரவில்லை. அதே இடத்தில் ஆளுக்கு 1 கிலோபைட் வைத்திருந்தால் 24 மெகாபைட்டோடு போயிருக்கும்.

வருகிறவர்களில் மனிதர்கள் மட்டும் இல்லை என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். தேடுபொறிகளின் தானியங்கிகள் பெரும்பாலும் குக்கியைத் திருப்பித் தருவதில்லை. அதனால் அவை எடுக்கிற ஒவ்வொரு பக்கத்துக்கும் புதிதாக ஒரு செஷன் பிறக்கும். 10,000 புத்தகங்கள் உள்ள தளத்தை ஒரு தானியங்கி ஒரு சுற்று சுற்றினால் 10,000 செஷன்கள். ஜாவா உலகில் டாம்கேட் என்ற சர்வரில் இதற்கென்றே ஒரு தடுப்பு இருக்கிறது. ஒரே தானியங்கிக்குத் திரும்பத் திரும்ப ஒரே செஷனைக் கொடுக்கும். பிஎச்பியில் நாமேதான் பார்த்துக்கொள்ள வேண்டும். லாகின் செய்யாத, கூடையில் ஒன்றும் போடாத ஆளுக்கு செஷனே தொடங்காமல் இருப்பதுதான் சுலபமான வழி.

*

முழுப் புத்தக விவரத்தையும் ஏன் செஷனில் வைத்தோம் என்றும் சொல்லிவிடுகிறேன். நல்ல எண்ணத்தில்தான். கூடைப் பக்கம் ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் டேட்டாபேஸைத் தொந்தரவு செய்ய வேண்டாம், ஏற்கெனவே எடுத்ததைக் கையிலேயே வைத்துக்கொள்வோம் என்று. ஆனால் செஷனே டேட்டாபேஸில்தான் இருந்தது. 60 கிலோபைட் செஷனை ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு தடவை படித்து ஒரு தடவை எழுதினோம். கூடையைப் பார்க்காமல் வெறும் முகவரிப் பக்கத்துக்குப் போனாலும் பதினேழு பின்னட்டைக் குறிப்புகளும் போய்வந்தன. புத்தக எண்ணைக் கொடுத்து நாற்பது வரிசைகளை எடுத்து வா என்று கேட்டால், முதன்மைச் சாவி வழியாக டேட்டாபேஸ் அதை நொடியின் சிறு பகுதியில் கொடுத்துவிடும். நாங்கள் மிச்சப்படுத்தியதாக நினைத்ததைப்போலப் பல மடங்கு செலவழித்துக்கொண்டிருந்தோம்.

பத்தியை மீடியம் டெக்ஸ்ட் ஆக்கிவிட்டால் 16 மெகாபைட் வரை கொள்ளும், ஐந்து நிமிட வேலை என்று அண்ணன் சொன்னார். அன்றிரவு அதைச் செய்தோம். அந்த நான்கு பேரின் கூடையும் மறுநாள் வருகிறவர்களின் கூடையும் பிழைத்தது. அவசரத்துக்கு அதுதான் சரி. அதோடு விட்டிருந்தால் வரம்பு இருந்த இடம் தள்ளிப்போயிருக்கும், அவ்வளவுதான்.

அடுத்த மூன்று நாளில் செஷனிலிருந்து புத்தகங்களை வெளியே எடுத்தோம். அப்போதுதான் இன்னொரு தப்பு கண்ணில் பட்டது. செஷனில் புத்தகத்தின் விலையும் இருந்தது. தள்ளுபடி முடிந்த நள்ளிரவில் ஒருவர் கூடையைத் திறந்து வைத்திருந்தால், அவருக்கு மறுநாள் காலையிலும் பழைய விலைதான் தெரியும். தள்ளுபடி தொடங்குவதற்கு முன்பே கூடையில் போட்டவருக்கு 10 சதவீதம் கிடைத்தே இருக்காது. எத்தனை பேர் அப்படிக் கூடுதலாகக் கொடுத்தார்களோ. ஓர் இடத்தில் இருக்க வேண்டியதை இரண்டு இடத்தில் வைத்தால் இப்படித்தான்; ஒன்று மாறும், மற்றொன்று மாறாது. பருமன் மட்டும்தான் பிரச்சினை என்று நினைத்துத் தொடங்கினேன். உள்ளே இருந்ததோ யாரோ ஒருவரின் பணம்.

கூடைக்கென்று தனி டேபிள் போட்டோம். ஆள், புத்தக எண், எத்தனை பிரதி. செஷனில் ஆள் யார் என்பது மட்டும். லாகின் செய்யாமல் வருகிறவர்களுக்கு மட்டும் புத்தக எண்ணும் பிரதிகளும் செஷனிலேயே இருக்கட்டும் என்று விட்டோம். அந்த முறையில் ஒரு புத்தகத்துக்கு 12 பைட். நாற்பதுக்கு 480. தலைமையாசிரியர் அந்த வாரக் கடைசியில் 40 புத்தகங்களையும் போட்டு முடித்தார். கூடையைப் பாதியில் விட்டுவிட்டு ராத்திரி தூங்கி, காலையில் எழுந்து தொடர்ந்தாராம். "அப்படியே இருந்துச்சும்மா" என்று போன் செய்து சொன்னார்.

தொலைந்தால் அந்த ஆள் வருத்தப்படுவார் என்றால் அது செஷனில் இருக்கக் கூடாது. செஷன் தற்காலிக இடம். நாற்பது புத்தகங்களைத் தேர்ந்தெடுக்க ஒருவர் செலவழித்த மூன்று ராத்திரிகள் தற்காலிகமானவை அல்ல.

*

பின்னாளில் பழைய மகாபலிபுரம் சாலைப் பக்கம் ஜாவா வேலைக்குப் போனேன். ஒரு பெரிய நிறுவனத்தின் உள்பயன்பாட்டுத் தளம். தினம் காலை பதினொன்றரை மணிக்கு நினைவகம் தீர்ந்து சர்வர் விழும். திரும்ப எழுப்புவார்கள், மூன்று மணிக்கு மறுபடி விழும். நினைவகத்தைக் கூட்டிக் கூட்டி 16 ஜிகாபைட் வரை போயிருந்தார்கள்.

விழுந்த நேரத்தின் ஹீப் டம்ப்பை, அதாவது நினைவகத்தில் இருந்தவற்றின் நகலை, எடுத்து எக்லிப்ஸ் மெமரி அனலைசர் என்ற கருவியில் திறந்தோம். அதில் ஒரு பொருளுக்கு இரண்டு எடை காட்டும். ஒன்று அந்தப் பொருளின் சொந்த எடை. இன்னொன்று, அது மறைந்தால் அதோடு சேர்ந்து எவ்வளவெல்லாம் விடுபடும் என்ற எடை. செஷனில் இருந்த 'பயனர்' என்ற பொருளின் சொந்த எடை 100 பைட்டுக்குள்தான். இரண்டாவது எடை 11 மெகாபைட். எப்படி என்று பிரித்துக்கொண்டே போனோம். பயனர் தன் துறையைப் பிடித்துக்கொண்டிருந்தார். துறை தன் ஊழியர்கள் எல்லோரையும் பிடித்துக்கொண்டிருந்தது. ஒவ்வோர் ஊழியரும் தன் விடுப்பு விண்ணப்பங்களைப் பிடித்துக்கொண்டிருந்தார். டேட்டாபேஸ் வரிசைகளைப் பொருளாக மாற்றித் தருகிற ஹைபர்நேட் போன்ற கருவிகளில் இது எளிதில் நேர்கிறது. கொடியின் நுனியைப் பிடித்து இழுத்தால் பந்தலே கூட வருகிறது. எழுதியவரின் கண்ணுக்குத் தெரிந்தது ஒரே வரி: பயனரைச் செஷனில் வை. பார்வைக்கு எவ்வளவு அடக்கமான வரி!

அங்கே இரண்டு சர்வர்கள் ஒன்றின் செஷனை மற்றொன்றில் நகல் எடுத்து வைத்துக்கொண்டன, ஒன்று விழுந்தால் மற்றொன்று தாங்க வேண்டும் என்று. ஆக அந்தப் பந்தல் இரண்டு இடத்திலும் இருந்தது. ஒன்று விழுந்ததும் அதன் பாரமும் மற்றதன் தலையில் ஏறி அதுவும் விழுந்தது. காப்பாற்ற வைத்த ஏற்பாடே சேர்ந்து கவிழ்த்தது. பயனருக்குப் பதில் பயனர் எண், பெயர், அவருக்கு என்னென்ன அனுமதி என்ற மூன்றை மட்டும் வைத்ததும் செஷன் 1 கிலோபைட்டுக்குக் கீழே வந்தது. 4 ஜிகாபைட்டில் அந்த சர்வர் நிம்மதியாக ஓடியது.

பருமனைச் சேராத, செஷனால் வருகிற தாமதம் ஒன்றையும் சொல்ல வேண்டும். பிஎச்பி இயல்பாகச் செஷனைக் கோப்பில் வைக்கும். ஒரு வேண்டுகோள் (பக்கம் கேட்டு உலாவி அனுப்புவது) அந்தக் கோப்பைத் திறந்தால், அது முடியும்வரை அதே ஆளின் அடுத்த வேண்டுகோள் வெளியே காத்துக்கொண்டு நிற்கும். ஒரு பக்கம் திறந்ததும் பின்னணியில் ஆறு சின்ன வேண்டுகோள்கள் போனால் ஆறும் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் நகரும். செஷனிலிருந்து வேண்டியதை எடுத்துக்கொண்டு உடனே மூடிவிட்டால் இந்த வரிசை கரைந்துவிடும். மூடுவதற்கென்று தனிக் கட்டளையே இருக்கிறது, பலரும் பயன்படுத்துவதில்லை.

சரி, சர்வரில் வைத்தால்தானே தொல்லை, எல்லாவற்றையும் குக்கியிலேயே வைத்துவிடலாமே என்று அடுத்து வரும். குக்கிக்கு 4,096 பைட்தான் உத்தரவாதம். குக்கிக்கான விதிமுறை ஆவணமாக 2011-இல் வந்த ஆர்எஃப்சி 6265 சொல்வது அது. தமிழ் அங்கே இன்னும் கனக்கும். குக்கியில் தமிழை நேரடியாக எழுத முடியாது; ஒவ்வொரு பைட்டையும் சதவீதக் குறி போட்டு மூன்று எழுத்தாக மாற்றித்தான் பொதுவாக வைக்கிறார்கள். நம் 'சென்னை' அங்கே 54 பைட். ஜேசான் என்ற தரவு வடிவத்தில், ஒவ்வொரு குறியையும் அதன் யூனிகோடு எண்ணாக மாற்றி எழுதினால் 36. பிஎச்பியின் ஜேசான் கட்டளை இயல்பாக அப்படித்தான் எழுதும். யூனிகோடை அப்படியே விடு என்று ஒரு தெரிவைச் சேர்த்தால் 18-க்குத் திரும்பிவிடும். போதாக்குறைக்கு, குக்கி ஒவ்வொரு வேண்டுகோளோடும் மேலே ஏறும். வேளச்சேரி பறக்கும் ரயிலில் ஒன்றிரண்டு கோடு சிக்னலில் தளத்தைத் திறக்கிறவர், ஒவ்வொரு படத்துக்கும் அந்தச் சுமையைத் தன் டேட்டாவில் ஏற்றிக்கொண்டிருப்பார். குக்கி ஏறிப் போகிற ஹெடருக்கு அப்பாச்சி, டாம்கேட் போன்ற வெப் சர்வர்கள் இயல்பாக வைத்திருக்கும் வரம்பு 8 கிலோபைட் சுற்றில். அதை மீறினால் பக்கமே வராது. குக்கியை அழிக்கத் தெரியாத பயனருக்கு அந்தத் தளம் அதோடு முடிந்தது.

ரெடிஸ், மெம்கேஷ்டு என்று தனியாக ஒரு நினைவகக் கிடங்கு போடுவது நல்ல வழிதான். நானும் இப்போது ரெடிஸ்தான் பயன்படுத்துகிறேன். ஆனால் கிடங்கு பெரிதாகிவிட்டதே என்று பெட்டிகளை அடுக்க ஆரம்பித்தால் பழைய கதைதான். மெம்கேஷ்டில் ஒரு பொருளுக்கு இயல்பான வரம்பு 1 மெகாபைட். ரெடிஸில் 512 மெகாபைட் வரை அனுமதி உண்டு, அதனால்தான் அங்கே யாரும் விழித்துக்கொள்வதில்லை. இடம் நிரம்பினால் என்ன செய்ய வேண்டும் என்றும் ரெடிஸிடம் முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். எழுத மறு என்றால் புதிதாக யாரும் லாகின் செய்ய முடியாது. பழையதைத் தூக்கிப் போடு என்றால் படிவத்தைப் பாதி நிரப்பிவிட்டு டீ குடிக்கப் போனவர் திரும்பி வரும்போது வெளியே நிற்பார். இரண்டில் எது பரவாயில்லை என்பதைத் தளத்தைக் கட்டுகிறவர் உட்கார்ந்து யோசித்து முடிவெடுக்க வேண்டும்.

*

இப்போது நான் பொறுப்பில் இருக்கும் எந்தத் தளத்திலும் முதல் வாரத்திலேயே ஒன்றைச் செய்துவிடுகிறேன். செஷனை எழுதும் இடத்தில் அதன் பைட் நீளத்தை எடுத்து, 8 கிலோபைட்டைத் தாண்டினால் லாகில் (சர்வரின் பதிவேட்டில்) ஒரு வரி: எந்தப் பக்கம், எந்தெந்தச் சாவி (செஷனுக்குள் இருப்பதன் பெயர்), ஒவ்வொன்றும் எத்தனை பைட். பத்து வரி நிரல்கூட ஆகாது. 8 என்ற எண்ணுக்குத் தனிப் பெருமை ஒன்றும் கிடையாது. எங்கள் செஷன்கள் வழக்கமாக 1-க்குள் இருப்பவை என்பதால், 8 வந்தால் யாரோ புதிதாக எதையோ வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். சோதனைக்கும் 'டெஸ்ட் புத்தகம் 1' என்றெல்லாம் போட விடுவதில்லை. நிஜத் தமிழ், நிஜ நீளம்.

போன மாதம் அந்த வரி லாகில் வந்தது. ஒரே நாளில் எல்லோருடைய செஷனும் 20 கிலோபைட்டைத் தாண்டியிருந்தது. சாவியைப் பார்த்தேன்: 'மாவட்டங்கள்'. முகவரிப் படிவத்தில் மாவட்டம் தேர்ந்தெடுத்தால் அதன் வட்டங்கள் கீழே விழ வேண்டும். அதற்காகத் தமிழ்நாட்டின் 38 மாவட்டங்களையும் அவற்றின் வட்டங்களையும் தமிழில் ஒரு முறை எடுத்து, அடுத்த முறை வேகமாக வரட்டும் என்று செஷனில் வைத்திருந்தாள் குழுவில் புதிதாகச் சேர்ந்த பெண். எண்ணம் எங்கள் ராயப்பேட்டை எண்ணம்தான், ஒரு வார்த்தை மாறவில்லை.

அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து லாக்கைக் காட்டினேன். "இந்தப் பட்டியல் உனக்கும் எனக்கும் வேற வேறயா?" என்று கேட்டேன்.

"இல்லக்கா, எல்லாருக்கும் ஒண்ணுதான்."

"அப்போ எத்தனை பிரதி இருக்கணும்?"

ஒரு நிமிடம் திரையைப் பார்த்தாள். அப்புறம் தன் இடத்துக்குப் போய், பட்டியலைச் செஷனிலிருந்து எடுத்து, சர்வர் எழும்போதே ஒரு முறை ஏற்றிக்கொள்ளும் பொது இடத்துக்கு மாற்றினாள். செஷன் 700 பைட் சொச்சத்துக்கு வந்தது. சாயங்காலம் மறுபடி வந்து நின்றாள்.

"அக்கா, ஆளோட பேரு, ஊரு எல்லாம் இன்னும் செஷன்ல தமிழ்லயே இருக்கு. பேரு எல்லாப் பக்கத்துலயும் மேல காட்டணும், சரி. ஊருக்கு அதோட எண் மட்டும் வச்சா போதாதா?"

"போதும். வேற எங்கயாவது ஊர்ப் பேரை நேரா எடுக்குறாங்களான்னு தேடிப் பார்த்துட்டு மாத்து."

மூன்று இடத்தில் எடுத்திருந்தார்கள். மூன்றையும் மாற்றிவிட்டுத்தான் அன்றைக்கு வீட்டுக்குக் கிளம்பினாள்.